உறைபனிக்கு மசியாத சீகை

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி வழியாக ஊட்டிக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் நான்கு கண்டங்களைப் பார்த்துவிடலாம். சுற்றுலா வந்தவர்களைச் சொல்லவில்லை, சாலையோரம் தானாக முளைத்து நிற்கும் செடிகளைச் சொல்கிறேன்.

மேட்டுப்பாளையம் ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தரிசு, ரயில் பாதை ஓரம், குப்பைமேடு என்று எங்கே திரும்பினாலும் சீமைக் கருவேலம். மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்காவின் வடகரை வரை அதன் பூர்வீகம். கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிக் காது அடைக்கிற உயரம் வந்ததும் அதைக் காணோம். அங்கிருந்து உண்ணிச்செடியின் ராஜ்ஜியம். அதுவும் அமெரிக்க வெப்பமண்டலத்துச் சரக்குதான். கோத்தகிரியை நெருங்கும்போது தேயிலை வந்துவிடும். உண்ணி வேலியோரமாக ஒதுங்கி, போகப்போகக் குறையும். ஈரமான சரிவுகளில் மெக்சிகோ மேட்டுநிலத்து யூபடோரியம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். தொட்டபெட்டா சந்திப்பு வரும்போது இரண்டு பக்கமும் ஆங்கிலத்தில் வாட்டில் எனப்படும் ஆஸ்திரேலியச் சீகை மரங்கள். வெட்டவெளிச் சரிவுகளில் மஞ்சளாகப் பூக்கும் முட்புதர் ஐரோப்பாவின் கார்ஸ், அதற்குத் துணையாக ஸ்காட்ச் புரூம். ஊட்டிக்குள் இறங்கினால் சதுப்பு ஓடைகளில் வெள்ளைப் பூ விரித்து நிற்கும் கால்லா லில்லி, தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது.

எல்லாம் சேர்த்து அறுபது கிலோமீட்டர் சாலைதான். ஆனால் உயரம் 2000 மீட்டர் கூடியிருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் புறப்பட்ட இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம். சமவெளியில் அவ்வளவு வித்தியாசம் வேண்டுமென்றால் வடக்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போக வேண்டும். ஆகவே அந்நியச் செடிகள் எந்த இடத்தில் ஏறும், எந்த இடத்தில் நிற்கும் என்பதைப் பார்க்க நீலகிரியைவிட வசதியான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

'அந்நிய மரங்களை அகற்றுவோம்' என்று எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டுப் பேசுவது எனக்கு எப்போதுமே உறுத்தும். தமிழ்நாடு அரசு 2022-இல் அந்நிய ஊடுருவல் தாவரங்களுக்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது. நல்ல விஷயம். ஆனால் களத்தில் இந்தச் செடிகள் ஒரே கூட்டம் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் எல்லை, கீழே ஓர் எல்லை. அந்த எல்லையை எது போடுகிறது என்பதும் செடிக்குச் செடி மாறுகிறது.

சூழலியலில் இதற்கு 'நிஷ்' என்று சொல்வார்கள். ஹட்சின்சன் 1957-இல் இதை இரண்டாகப் பிரித்தார். வெப்பம், ஈரம், மண் ஆகியவற்றை மட்டும் பார்த்தால் ஓர் உயிர் எங்கெல்லாம் வாழ முடியும் என்பது ஒன்று. போட்டிக்கு நிற்பவர்களும் தின்ன வருபவர்களும் போக அதற்கு மிஞ்சிய இடம் எது என்பது இரண்டாவது. பிறந்த நாட்டில் நாம் பார்ப்பது எப்போதும் அந்த இரண்டாவது இடத்தைத்தான். கப்பலேறி வேறு நாட்டில் இறங்கும்போது பழைய எதிரிகள் கூட வருவதில்லை. அப்போது அந்தச் செடி எதுவரை போகும்?

இதைக் கணிக்கத்தான் இப்போது கணினி மாதிரிகள் வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1980-களில் பயோக்ளிம் என்ற முறை வந்தது. 2006-இல் வந்த மேக்ஸ்என்ட் இன்று எங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அடிப்படை எளிது. செடி தன் சொந்த நாட்டில் இருக்கும் இடங்களைக் குறித்துக்கொள், அங்கெல்லாம் மழையும் வெப்பமும் எவ்வளவு என்று பார், பிறகு உலக வரைபடத்தில் அதே மாதிரியான இடங்களைத் தேடு. சரி, இது பலிக்கிறதா? ஓரளவு நன்றாகவே பலிக்கிறது. வட அமெரிக்காவுக்கும் யூரேசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே இடம்பெயர்ந்த 50 செடிகளை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2012-இல் சயன்ஸ் இதழில் வந்தது. தன் பழைய காலநிலைக்கு வெளியே பத்து விழுக்காட்டுக்கு மேல் கால் வைத்தவை, அவற்றில் 15 விழுக்காடுகூட இல்லை. பெரும்பாலானவை போன இடத்திலும் பழைய தட்பவெப்பத்தையே தேடிப் பிடித்துக்கொள்கின்றன.

சீமைக் கருவேலம் இந்த விதிக்கு அடங்கிய பிள்ளை. இதைக் காமராசர் காலத்தில் கொண்டுவந்தார்கள், காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிறது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகளை விட்டுவிடலாம். 1877-லேயே அன்றைய மதராஸ் மாகாணத்து வனத்துறை கடப்பைப் பக்கம் இதை நட்டுவிட்டது. வறண்ட மாவட்டங்களில் விறகுக்காகப் பரப்பியது பிற்பாடு. அதன் வேர் ஆழமாகப் போகும் என்பது மட்டும் கதை இல்லை. அதன் நெருங்கிய உறவான ஒரு மரத்தின் வேரை அரிசோனாவில் ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் பார்த்திருக்கிறார்கள். வெயில், உப்பு மண், மழையில்லாத ஆண்டுகள் எதற்கும் அது கவலைப்படாது. அதற்கு ஆகாதது ஒன்றே ஒன்று, உறைபனி. டெக்சாஸ் பக்கத்து உறவுக்கார மரங்கள் பனியைத் தாங்கும், இந்த இனம் தாங்காது. நீலகிரியின் வடக்கே மழை மறைவில் கிடக்கும் மாயாறு பள்ளத்தாக்கில் அது அடர்ந்து கிடக்கிறது. வெளிமான்கள் மேய்ந்த வெட்டவெளிகளைப் பிடித்துக்கொண்டது. ஆடு மாடு இனிப்புக் காயைத் தின்று சாணத்தில் விதையைப் போட்டால் போதும். ஆனால் அங்கிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் ஊட்டி மேட்டுக்கு அது வரவே இல்லை. வர வழி இல்லாமலா? தினமும் லாரியும் ஆடும் மேலே போய்க்கொண்டுதான் இருக்கின்றன. அதன் எல்லையைப் போட்டிருப்பது குளிர்.

காலநிலை மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடுகிறது என்று இதை வைத்து நினைத்துவிடக் கூடாது. அதற்குச் சப்பாத்திக்கள்ளியின் கதையைக் கேட்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த கதை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சப்பாத்திக்கள்ளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். அதன் மேல் வாழும் ஒரு மாவுப்பூச்சியை நசுக்கினால் அருமையான சிவப்புச் சாயம் கிடைக்கும். அந்தச் சாயத்தில் ஸ்பெயின்காரர்கள் கொள்ளை லாபம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாமும் இந்தியாவில் வளர்ப்போமே என்று கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆசை. 1795-இல் பிரேசிலிலிருந்து பூச்சி கல்கத்தா வந்து சேர்ந்தது. வந்தது சாயப் பூச்சி இல்லை, அதன் ஒன்றுவிட்ட தம்பி. சாயம் மட்டம். ஆனால் ஒரு வகைக் கள்ளியைத் தின்று தீர்ப்பதில் அது கெட்டி. கம்பெனிக்கு நஷ்டம், கள்ளிக்கு அழிவு. அந்தப் பூச்சியின் குணம் தெரிந்தபின் 19-ஆம் நூற்றாண்டில் அதைத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வேண்டுமென்றே எடுத்துப்போய் விட்டார்கள். ஒரு பூச்சியை வைத்து ஒரு களையை ஒழித்த வரலாற்றில் உலகிலேயே முதல் வரிசையில் வைக்கப்படும் நிகழ்ச்சி இது.

ஆனால் இங்கே இன்னொரு வகைக் கள்ளியும் இருந்தது. அதை இந்தப் பூச்சி தொடவில்லை. 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியைக் கொண்டுவந்தார்கள். அது இலங்கைக்கு வந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து. சில ஆண்டுகளில் அந்தக் கள்ளிக் காடுகளும் சுருங்கிப்போயின. இன்றைக்கும் தென்மாவட்டங்களில் சப்பாத்திக்கள்ளி இருக்கிறது, அங்கொன்றும் இங்கொன்றுமாக. கவனித்துப் பாருங்கள்: இடையில் மழை மாறவில்லை, வெயில் மாறவில்லை. 1926-க்கு முந்தைய கள்ளிப் புதர்களை வைத்து ஒரு கணினி மாதிரி போட்டிருந்தால் தமிழகத்தின் வறண்ட நிலம் முழுவதையும் கள்ளிக்கு எழுதிக் கொடுத்திருக்கும். ஒரு பூச்சி வந்ததும் அந்தப் பத்திரம் செல்லாமல் போய்விட்டது.

உண்ணிச்செடி வேறு ரகம். அதைக் காட்டுச்செடி என்று சொல்வதே முழுக்கச் சரியில்லை. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து பல இனங்களைக் கலந்து கலந்து உருவாக்கிய தோட்டச்செடி அது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவில் அழகுக்காக வைத்தார்கள். கலப்பில் பிறந்ததாலோ என்னவோ, அதற்கு மூதாதையர் நாட்டுக் காலநிலைக்குள் அடங்கி இருக்க மனம் வரவில்லை. இந்தியாவில் அது இருக்கும் இடங்களின் தட்பவெப்பம் பூர்வீக நாட்டோடு முழுதாகப் பொருந்துவதில்லை. இந்தியக் காட்டுயிர் நிறுவன ஆய்வாளர்கள் புலிக் கணக்கெடுப்பின்போது திரட்டிய தகவலை வைத்து 2020-இல் வெளியிட்ட கணக்குப்படி ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட காட்டில் உண்ணி இருக்கிறது. தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பைவிட அதிகம்.

இருந்தாலும் அதற்கும் பலவீனம் உண்டு. அடர்ந்த நிழல் ஆகாது, கடும் பனி ஆகாது. நிழல் குறைந்த காடுதான் அதற்கு வாசல். பிலிகிரிரங்கன் மலையின் பழங்குடிகளான சோளகர்கள், முன்பெல்லாம் கோடை தொடங்கும் முன் சருகுக்கு மெல்லத் தீ வைப்போம், அதில் உண்ணிக் கன்றுகள் கருகிவிடும், வனத்துறை அதைத் தடை செய்தபின்தான் காடு புதராகிப் போனது என்கிறார்கள். அவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன். காலநிலை வரைபடத்தில் இந்தச் சருகுத் தீக்கு நிறமே கிடையாது.

இனி ஊட்டிக்கு வருவோம். சொல்ல வந்த விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஜனவரி மாதம் பத்திரிகைகளில் தவறாமல் ஒரு படம் வரும்: தலைக்குந்தாவில் வெள்ளை வெளேரென்று புல்வெளி, அதன் நடுவில் கம்பளித் தொப்பியோடு ஒரு குடும்பம். விடியும் முன் அங்கே போய் நின்றால் காலடியில் புல் நொறுங்குகிற சத்தம் கேட்கும். வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிவாக இருக்கும் இரவுகளில் வெட்டவெளித் தரை பகல் முழுக்க வாங்கிய சூட்டை வேகமாக விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனமாகி மெல்ல இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். ஐம்பதடி தள்ளி சோலை என்னும் அடர்ந்த மலைக்காட்டுக்குள் நுழைந்தால் பனி இருக்காது; மேலே இலைக்கூரை சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். தாவரவியல் பூங்காவில் மாலையானால் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் என்ற செடியைக் கொண்டு மூடி வைப்பதும் இதே தத்துவம்தான். பனியைவிட மோசம், அது உருகும் முன் சுள்ளென்று அடிக்கும் காலை வெயில். உறைந்த இலையில் வெயில் பட்டதும் தேயிலைத் தோட்டம் செம்பு நிறத்தில் கருகிப்போகும்.

உயர்ந்த நீலகிரியில் ஏன் பள்ளத்து மடிப்புகளில் மட்டும் சோலை, மற்ற இடமெல்லாம் புல் என்ற கேள்வி பழையது. மனிதர்கள் தீ வைத்ததால் என்றார்கள், தோடர் எருமைகள் மேய்ந்ததால் என்றார்கள். பனிதான் காரணம் என்பாரும் இருந்தார்கள். பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் மூவரும் நீலகிரியிலேயே கன்றுகளை நட்டுச் சோதித்தார்கள். முடிவு 2020-இல் வெளியானது. புல்வெளியில் நட்ட சோலைமரக் கன்றுகளைப் பனிக்காலம் வாட்டி எடுத்தது. சோலை தன் எல்லையைத் தாண்டிப் புல்லுக்குள் வராமல் பார்த்துக்கொண்டது உறைபனி. நீலகிரி வரையாடும் நெட்டைக்காலிக் குருவியும் குறிஞ்சியும் இத்தனை காலம் இருக்க முடிந்தது இந்தக் காவலால்தான்.

ஆனால் சீகைக்கு இந்தக் காவல் பொருட்டில்லை. அதன் ஊர் தென்கிழக்கு ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா. பனியைப் பார்த்து வளர்ந்த மரம். உள்ளூர் மரங்கள் பெரும்பாலானவற்றுக்கு இல்லாத ஒரு தகுதியோடு, உள்ளூர் மரங்கள் அரிதாகவே நிற்கும் ஓர் இடத்துக்கு அது வந்து சேர்ந்தது. வெள்ளைக்காரர்கள் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் விறகுக்கென்று ஆஸ்திரேலிய மரங்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பின் நம் வனத்துறை தோல் பதனிடும் பட்டைக்காகப் புல்வெளிகளில் ஏக்கர் ஏக்கராகச் சீகையை நட்டது. புல்வெளியை அப்போது 'தரிசு' என்றுதான் கணக்கில் எழுதினார்கள்.

ஒரு ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் சாலையோரம் இதைக் கிட்டத்தில் பார்த்தேன். ஒரு முழ உயரச் சீகைக் கன்று, இறகு மாதிரி இலைகள், ஒவ்வொரு சிற்றிலையின் விளிம்பிலும் உப்புத் தூவினதுபோல் பனி. ஒன்பது மணிக்கு வெயில் ஏறிப் பனி சொட்டியது. இலையில் ஒரு பழுப்புப் புள்ளி இல்லை. பக்கத்துத் தேயிலையில் மேல் கொழுந்து முழுக்க வதங்கிக் கிடந்தது. தோட்டக்காரர் மிலார் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இது கருகாதா?" என்று கன்றைக் காட்டிக் கேட்டேன்.

"அதுவா? வெட்டுனா வரும், எரிச்சா இன்னும் ஜாஸ்தியா வரும். பனி அதை என்னங்க பண்ணும்?" என்றார்.

அவர் சொன்னது அப்படியே உண்மை. சீகை விதையின் தோல் கெட்டி. மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீயின் சூடோ, மரத்தை வெட்டியபின் தரையில் விழும் வெயிலோ பட்டால் விழித்துக்கொள்ளும். வெட்டிய இடத்தில் மறு ஆண்டு போய்ப் பார்த்தால் கால் வைக்க இடமில்லாமல் கன்றுகள். வேரில் நைட்ரஜனைப் பிடித்து வைக்கும் இனம் என்பதால் சத்தில்லாத புல்வெளி மண்ணும் அதற்கு விருந்து.

இதற்கு எதிர் உதாரணமும் அதே மலையில் நிற்கிறது. கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ். நீலகிரியில் பெரிதாக நட்ட வகை டாஸ்மேனியா பக்கத்தது. அதே காலநிலை, அதே வெள்ளைக்காரர்கள், அதே வனத்துறை. தைலம் காய்ச்சும் அளவுக்கு மலை முழுக்க நட்டார்கள். ஆனால் நட்ட இடத்தை விட்டு அது பரவுவது சீகைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசும்படி இல்லை. அதன் விதை தூசி மாதிரி. அடர்ந்த புல்லுக்குள் விழுந்தால் வேர் ஊன்றும் முன்பே செத்துவிடும். இரண்டு மரங்களையும் ஒரே காலநிலைக் கணக்கில் போட்டால் இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்தான் வரும்.

கார்ஸும் புரூமும் வந்தது வேறு காரணத்துக்கு: வேலிக்கும் ஊர் ஞாபகத்துக்கும். ஊட்டியை இங்கிலாந்து என்று துரைமார் நம்பினார்கள், இந்தப் புதர்களும் நம்பிவிட்டன. ஆண்டு முழுதும் ஏறத்தாழ ஒரே அளவு பகல் இருக்கும் 11 பாகை அட்சரேகையில் இங்கிலாந்துப் புதர் பிழைக்கும் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்? இலங்கையில் ஹோர்ட்டன் சமவெளியிலும் இதே கார்ஸ் இதே உயரத்தில் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. வந்த வழியும் அதே துரைமார் வழிதான்.

இப்போது வெப்பமாதலைச் சேர்த்துப் பாருங்கள். இரவுகள் சூடானால் புல்வெளியின் காவல் தளர்கிறது. பனி குறைவதால் உண்ணிச்செடிக்கு இன்னும் கொஞ்சம் மேலே ஏற இடம் கிடைக்கும், சோலைக் கன்றுக்கும் புல்லுக்குள் நுழைய வழி கிடைக்கும். சீகைக்கோ, ஏற்கெனவே பனி ஒரு தடையில்லை. குளிர் விடும் நாட்கள் கூடினால் அது வளரும் நாட்களும் கூடும். மூன்று பக்கமும் தோற்பது புல். பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்குப் புல்வெளி தோட்டங்களுக்கும் விவசாயத்துக்கும் போய்விட்டதாகச் செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-இல் ஒரு கணக்கு வெளியானது. மிச்சத்தைத்தான் இப்போது காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

அதற்காக எல்லாச் சீகையையும் வெட்டித் தள்ளு என்று நான் சொல்ல மாட்டேன். முதிர்ந்த சீகைத் தோப்புகளுக்கு அடியில் சோலை மரங்கள் தாமாக முளைத்து வருவதை நீலகிரியிலும் பழனியிலும் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். காரணம் பனிக் கணக்கிலேயே இருக்கிறது: மேலே இலைக்கூரை வந்ததும் தரையில் பனி இல்லை. இப்படிச் சோலையாக மாறிக்கொண்டிருக்கும் தோப்பை மொட்டையடித்தால் கீழே இருக்கும் சோலைக் கன்றுகள் பனியில் போகும், மண்ணிலிருக்கும் சீகை விதை வெயிலில் எழும். அங்கே புல்லும் திரும்பாது, சோலையும் திரும்பாது. ஒரு நீதிமன்ற உத்தரவையும் ஒரு டெண்டரையும் வைத்து மலை முழுக்க ஒரே மாதிரி வெட்டுவதில் எனக்கு இருக்கும் பயம் இதுதான்.

கை வைக்க வேண்டிய இடம் புல்வெளியின் ஓரம் என்று நினைக்கிறேன்: புல் இன்னும் உயிரோடு இருக்கிற, சீகை இப்போதுதான் சிதறலாக நுழைகிற இடங்கள். கன்று ஒரு முழம் இருக்கும்போது மழை முடிந்த ஈரத்தில் பிடித்து இழுத்தால் வேரோடு வந்துவிடும். இயந்திரம் வேண்டாம், தீ வேண்டவே வேண்டாம். அடுத்த ஆண்டும் அதே இடத்துக்குப் போக வேண்டும், அதற்கடுத்த ஆண்டும். வெட்டிய மரத்தை லாரியில் ஏற்றினால் டன் கணக்கில் எழுதிப் பணம் கேட்கலாம். பிடுங்கிய கன்றை எந்தக் கணக்கில் எழுதுவது என்று இன்னும் யாரும் முடிவு செய்யவில்லை.